வீடுபேறு, நிர்வாணம், ஃபனா: ஞான நிலையைச் சமயங்கள்தோறும் படித்தறியும் முறை

ஞானம் பெற்றவர் என்று ஒருவரைக் குறிப்பிடும்போது சைவர் ஒன்றை நினைக்கிறார், சமணர் வேறொன்றை நினைக்கிறார், இஸ்லாமிய ஞானமார்க்கமான சூஃபி வழியில் நிற்பவர் மூன்றாவதாக ஒன்றை நினைக்கிறார். இந்த எண்ணங்கள் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்பதை முறையாகத் தெரிந்துகொள்ள விரும்பும் பொதுவாசகருக்கு, குறிப்பாகக் குமரி மாவட்டத்திலும் அதை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளிலும் வாழும் தமிழருக்கு, இந்த வழிகாட்டி உதவக்கூடும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த இந்தக் குமரி நிலத்தில், ஆரல்வாய்மொழிக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட சிறிய பரப்புக்குள், சமணக் குகை, சைவ வைணவப் பெருங்கோயில்கள், அய்யாவழிப் பதி, சூஃபி ஞானியின் தர்கா, கத்தோலிக்கப் பேராலயம், நாராயண குரு தவமிருந்த மலை ஆகிய அனைத்தும் பேருந்து செல்லும் தொலைவிலேயே இருக்கின்றன. நூலில் படித்ததை அந்த வழியில் வாழ்பவரிடமே கேட்டுச் சரிபார்க்கும் வாய்ப்பு இங்குள்ளவருக்குத் தாராளமாகவே உண்டு.

இப்படிப்பைக் கெடுப்பவை இரண்டு பழக்கங்கள். எல்லா ஆறும் கடலில்தானே கலக்கிறது என்று முதல் பக்கத்திலேயே முடிவு கட்டிவிடுவது ஒன்று. தம் சமயத்தின் முத்தியை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவை அதில் எத்தனை அங்குலம் என்று அளப்பது மற்றொன்று. முன்னது பெருந்தன்மைபோலத் தோன்றினாலும் இரண்டாவதற்குச் சற்றும் குறையாத அலட்சியம் அதில் இருக்கிறது. ஏனெனில் இரண்டு பழக்கமுமே எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்பதற்கு முன்பே பேச்சை முடித்துவிடுகின்றன. இரண்டையும் தவிர்க்க எளிய முறை ஒன்று உண்டு. முத்தியைப் பற்றிக் கேட்பதற்கு முன் கட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். இரண்டு வைத்தியர்கள் கொடுத்த மருந்துகளை ஒப்பிட வேண்டுமானால், அவர்கள் ஒரே நோய்க்குத்தான் மருந்து கொடுத்தார்களா என்பதை முதலில் பார்ப்போம் அல்லவா, அதே ஒழுங்குதான் இதற்கும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துச் சமயத்துக்குச் சில பக்கங்கள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் நான்கு கேள்விகளை எழுதுங்கள்: மனிதரைப் பிணித்திருக்கும் கட்டு எது, அதை அவிழ்ப்பவர் யார், அவிழ்ந்த பின் எஞ்சுபவர் யார், அவிழ்ந்துவிட்டது என்பதைப் பிறர் எப்படி அறிவர். இவற்றுக்கு விடை கிடைக்கும் வரை ஒப்பிடும் வேலையைத் தொடங்க வேண்டாம்.

கட்டு எது?

சொந்தச் சமயத்திலிருந்து தொடங்குவதே நல்லது. தெரிந்ததாக நாம் எண்ணியிருப்பது எவ்வளவு மேலோட்டமானது என்பது அங்கேதான் முதலில் தெரியவரும். சைவ சித்தாந்தத்தை எடுத்துக்கொண்டால், பன்னிரண்டே சூத்திரங்களைக் கொண்ட மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை நல்ல உரையோடு படிக்கலாம். ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களுள் ஆணவம் செம்பில் களிம்பு போல உயிரோடு அனாதியாகவே ஒட்டியிருக்கிறது என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. பேச்சு வழக்கில் ஆணவம் என்றால் திமிர் என்று பொருள் கொள்கிறோம். சித்தாந்தத்திலோ அது உயிரின் அறிவை மறைக்கும் இருள். இந்த ஒரு செய்தி பிடிபட்டால், திமிரை அடக்கினால் முத்தி என்பது போன்ற மேடைப் பேச்சுகள் தாமாகவே விலகிப்போகும்.

சமணத்துக்கு வரும்போது வினை என்பதன் இயல்பே மாறுகிறது. அங்கே வினை கண்ணுக்குப் புலப்படாத நுண்பொருளாகவே உயிரில் வந்து படிகிறது. அது உள்ளே வருவதை ஊற்று என்றும், வரவிடாமல் தடுப்பதைச் செறிப்பு என்றும், ஏற்கெனவே படிந்ததை நீக்குவதை உதிர்ப்பு என்றும் தமிழ்ச் சமணர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். உண்ணாநோன்பும் உடல்வருத்தமும் அவர்களிடம் ஏன் அத்தனை முக்கியம் என்பது இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். உதிர்ப்புக்கான வேலை அது; பிறருக்குக் காட்டும் வைராக்கியம் என்று அதைப் படிப்பவர் சமணத்தைப் படிக்கவே இல்லை.

பௌத்தத்துக்கு மணிமேகலையின் இறுதிக் காதைகள் தமிழருக்குக் கிடைத்த நேரடி வாயில். பேதைமையில் தொடங்கி, வேட்கை, பற்று என்று தொடரும் பன்னிரு சார்புகளை அறவண அடிகள் மணிமேகலைக்கு விளக்கும் பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஒன்று இருப்பதால் அடுத்தது தோன்றுகிறது, ஒன்று அற்றால் அடுத்தது அறுகிறது என்னும் அந்தச் சங்கிலியில் நிலையான உயிர் என்று ஒன்றுக்கு இடமே இல்லை என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், மூன்றாம் கேள்விக்கு அது தேவைப்படும்.

அத்வைதத்தில் கட்டு உண்மையில் ஒருபோதும் இருந்ததில்லை. கயிற்றில் பாம்பைக் கண்ட மயக்கம் அது. கிறித்தவத்தில் கட்டு என்பது பாவம், அதாவது இறைவனோடு இருந்த உறவின் முறிவு. இஸ்லாத்தில் பிறவிப்பாவம் என்ற கொள்கை இல்லை. மனிதர் தூய இயல்போடுதான் பிறக்கிறார், மறதியும் நஃப்ஸ் என்னும் கீழான மனத்தூண்டலும் அவரைத் திருப்புகின்றன. அய்யா வைகுண்டர் காட்டிய அய்யாவழியில் கலி என்னும் தீமை தனிமனிதரின் உள்ளத்தோடு நிற்பதில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள்மேல் சுமத்தப்பட்ட வரியும் இழிவும்கூடக் கலியின் ஆட்சிதான் என்பது அந்த வழியின் நோக்கு. கட்டு சமூகத்திலும் இருக்கிறது என்று சொன்னால் விடுதலையும் சமூகத்தில் நிகழ வேண்டும். அதனால்தான் அங்கே தர்மயுகம், அதாவது வரப்போகும் அறத்தின் காலம், மையமாக நிற்கிறது. மற்ற சமயங்களின் பகுதிகளை நிரப்பும்போது, கட்டு சமூகத்திலும் இருக்கிறதா என்னும் கேள்வியை அவற்றிடமும் கேட்டுப் பார்க்கலாம். பல சமயங்கள் சங்கடப்படும்.

ஓர் எச்சரிக்கை. எதிர்த்தரப்பின் நூலிலிருந்து ஒரு சமயத்தைக் கற்கத் தொடங்காதீர்கள். சிவஞானசித்தியாரின் பரபக்கம் பௌத்தம், சமணம் உள்ளிட்ட பிற கொள்கைகளை வரிசையாக எடுத்துக்காட்டி மறுக்கிறது. நீலகேசி சமணத் தரப்பில் நின்று பௌத்தத்தை மறுக்கிறது. இரண்டும் தருக்க நூல்கள் என்ற வகையில் அருமையானவை. ஆனால் மறுப்பதற்காகச் சொல்லப்பட்ட சுருக்கம் அந்தச் சமயத்தவரே ஏற்கும் சுருக்கமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. நோட்டு ஓரளவு நிரம்பிய பிறகு இவற்றைப் படித்தால் இருமடங்கு பயன் கிடைக்கும்.

அவிழ்ப்பவர் யார்?

இரண்டாம் கேள்விக்கான விடைகளை ஒரு கோட்டில் அடுக்கிப் பார்க்கலாம். ஒரு கோடியில் சமணம் நிற்கிறது: தீர்த்தங்கரர் வழி காட்டியவர், வணங்கத்தக்கவர், ஆனால் அவர் எவருடைய வினையையும் நீக்கித் தருவதில்லை. தேரவாத பௌத்தமும் அதற்கு அருகிலேயே நிற்கிறது. மறு கோடியில் அமிதாப புத்தரின் அருளையே முழுவதும் நம்பும் ஜப்பானின் தூயநிலப் பிரிவுகளும், இறையருளாலன்றி மீட்பு இல்லை என்னும் கிறித்தவமும் நிற்கின்றன. ஒரே பௌத்தத்தின் இரண்டு கிளைகள் இரு கோடிகளில் நிற்பதைக் கவனியுங்கள். பௌத்தம் சொல்வது இது, கிறித்தவம் சொல்வது அது என்று ஒட்டுமொத்தமாக எழுதும் பழக்கத்தை இந்த ஒரு செய்தியே திருத்திவிடும்.

நடுவில் உள்ளவைதான் சுவையானவை. தமிழ் வைணவத்துக்குள்ளேயே வடகலையார் குரங்குக்குட்டியையும் தென்கலையார் பூனைக்குட்டியையும் எடுத்துக்காட்டுகிறார்கள். தாயைக் குட்டி பற்றிக்கொள்வதுபோல உயிரின் பங்கு கொஞ்சமேனும் வேண்டும் என்பது முன்னது; தாய் கவ்விக்கொண்டு போவதுபோல எல்லாம் பெருமாள் செயல் என்பது பின்னது. நம்மாழ்வார் பாடிய திருவட்டாறும், அவருடைய தாயார் உடையநங்கையின் ஊர் என்று போற்றப்படும் திருப்பதிசாரமும் குமரி மாவட்டத்திலேயே இருப்பதால், இந்த வேறுபாட்டைப் பற்றி விவரம் தெரிந்த வைணவப் பெரியவர் ஒருவரிடம் நேரிலேயே கேட்கலாம். சைவ சித்தாந்தம் இதே சிக்கலுக்கு வேறு வகையில் விடை சொல்கிறது: இருவினையொப்பும் (நல்வினை, தீவினைப் பயன்களைச் சமமாகக் கருதும் நிலை) மலபரிபாகமும் (மலம் வலுவிழந்து கழலும் பக்குவம்) வாய்க்கும்போது சத்திநிபாதம், அதாவது அருள் பதிதல், நிகழ்கிறது, அப்போது இறைவனே குருவடிவில் வருகிறான். முயற்சி அருளை விலைக்கு வாங்குவதில்லை. அருளும் காரணமின்றி வந்து விழுவதில்லை.

நம் ஊர்க் கிறித்தவர்களிடையே இக்கேள்வியைக் கேட்கும்போது சபை வேறுபாட்டை மறக்கக் கூடாது. பெந்தெகொஸ்தே சபையினரும் சீர்திருத்தச் சபையினர் சிலரும் தாம் இரட்சிக்கப்பட்ட நாளைத் தேதியோடு சொல்வார்கள். கத்தோலிக்கர் ஒருவர் அப்படிச் சொல்வது அரிது, ஏனெனில் அவருக்கு ஞானஸ்நானத்தில் தொடங்கி மரணம் வரை நீளும் வளர்ச்சி அது. நீதிமானாக்கப்படுதல் (இறைவனோடு மீண்டும் ஒப்புரவாதல்), பரிசுத்தமாகுதல் (வாழ்வில் தூய்மையில் வளர்தல்) என்னும் இரண்டையும் வேறுபடுத்தாமல் ஞானோதயம் என்ற ஒரே தலைப்பில் எழுதிவிட்டால் இரு தரப்பாருமே அதை ஏற்கமாட்டார்கள். திடீரென வருவதா, படிப்படியாக வருவதா என்னும் இதே வழக்கு ஜென் பௌத்தத்திலும் நூற்றாண்டுகளாக நடந்துவந்திருக்கிறது.

அவிழ்ந்த பின் எஞ்சுபவர் யார்?

எல்லாம் ஒன்றே என்னும் முடிவு உடைவது பெரும்பாலும் இக்கேள்வியில்தான். ஆகவே இதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

சமணத்தில் விடுதலை பெற்ற உயிர் உலகின் உச்சியில் உள்ள சித்தசிலைக்குச் செல்கிறது. அங்கே அளவற்ற அறிவோடும் அளவற்ற இன்பத்தோடும் தனித்தனி உயிராகவே இருக்கிறது, எதனோடும் கலப்பதில்லை. சைவ சித்தாந்தத்தில் உயிர் சிவத்தோடு பிரிவின்றி நிற்கிறது, ஆனால் சிவமாகவே ஆகிவிடுவதில்லை. இன்பத்தைத் தருபவன் இறைவன், துய்ப்பது உயிர் என்னும் வேறுபாடு முத்தியிலும் நீடிக்கிறது. வைணவத்தில் எஞ்சுவது அடியார். வைகுந்தத்திலும் அவருக்குக் கைங்கரியம் உண்டு. அத்வைதத்தில் எஞ்சுவது பிரம்மம் மட்டுமே, இருந்ததும் அதுவே. புத்தரிடம் வச்சகோத்தர் என்னும் பரிவிராசகர் (ஊர் ஊராகத் திரியும் துறவி), விடுதலை பெற்றவர் இறந்த பின் இருக்கிறாரா இல்லையா என்று கேட்டபோது, அணைந்த தீ எந்தத் திசைக்குப் போயிற்று என்று புத்தர் திருப்பிக் கேட்டார். கேள்வியே பொருந்தாது என்பது அவர் விடை. நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விடாமல், கேள்வி மறுக்கப்பட்டது என்றே எழுதுங்கள். இல்லை என்று எழுதினாலும் தவறு, சூனியம் என்று எழுதினாலும் தவறு.

சூஃபிகள் இதை ஃபனா, பக்கா என்னும் இரண்டு நிலைகளாகப் பேசுகிறார்கள். தான் என்பது அழிவது ஃபனா. அதன் பின் இறைவனைக் கொண்டு நிலைத்திருப்பது பக்கா. முதல் நிலையின் பரவசத்தில் நானே மெய்ப்பொருள் என்று முழங்கியதாகச் சொல்லப்படும் ஹல்லாஜ் 922இல் பாக்தாத்தில் கொல்லப்பட்டார். ஜுனைத் போன்றவர்களோ பரவசத்தைவிடத் தெளிவையே உயர்ந்ததாக மதித்தார்கள். அழிந்தவர் தெளிந்து திரும்பி வந்து தொழுகையையும் தொழிலையும் குறைவின்றி நடத்த வேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஃபனாவை மட்டும் எடுத்து அத்வைதத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு பக்காவை விட்டுவிடுவது மேடைகளில் அடிக்கடி நிகழும் தவறு. கிறித்தவ ஞானிகளும் ஒன்றிப்பைப் பற்றி மிக நெருக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆயினும் படைத்தவர், படைக்கப்பட்டவர் என்னும் கோட்டை அவர்களின் திருச்சபை அழிக்கவில்லை. இறைவனின் சாரத்தை எவரும் அடைவதில்லை, அவருடைய ஆற்றல்களில்தான் பங்கு பெறுகிறார்கள் என்று கிரேக்க மரபின் கிரிகோரி பலமாஸ் வகுத்த எல்லை, சிவமும் உயிரும் பற்றிச் சித்தாந்தம் வகுக்கும் எல்லைக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று பார்ப்பது என் மதிப்பில் இந்தப் படிப்பிலேயே மிகுந்த பலன் தரும் பயிற்சி. அத்வைதத்தோடு ஒப்பிடுவதைவிட இது நெடுந்தூரம் கொண்டுசெல்லும்.

படிநிலைகளை எப்படிக் கையாள்வது?

ஏறக்குறைய எல்லா மரபுகளுமே படிக்கட்டு வைத்திருக்கின்றன. தேரவாதத்தில் நான்கு நிலைகள். சமணத்தில் பதினான்கு குணஸ்தானங்கள். சித்தாந்தத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு பாதங்கள். சூஃபிகளுக்கு ஷரீஅத்து, தரீக்கத்து, ஹகீக்கத்து, மஃரிபத்து. 1577இல் ஸ்பானியக் கத்தோலிக்கத் துறவி அவிலா தெரேசா எழுதிய நூலில் ஏழு உறைவிடங்கள். இவற்றை அட்டவணையாக்கி, இதன் மூன்றாம் படி அதன் ஐந்தாம் படிக்குச் சமம் என்று கோடு போடும் ஆசையை விட்டுவிடுங்கள். படிகளின் எண்ணிக்கையைவிட, ஏறியவர் சறுக்குவாரா என்னும் கேள்வி மிகுதியாகக் கற்பிக்கும்.

சமணத்தின் பதினோராம் நிலை இதற்கு நல்ல சான்று. மயக்கத்தை வேரோடு அழிக்காமல் அடக்கி மட்டும் வைத்து ஏறுபவர் அந்தப் பதினோராம் நிலையை அடைவார். அங்கே முழு அமைதி இருக்கும். ஆனால் அடங்கியது மறுபடி கிளம்பும், அவர் கட்டாயம் கீழே விழுவார். அழித்துக்கொண்டே ஏறுபவரோ பதினொன்றைத் தொடாமல் பத்திலிருந்து நேரே பன்னிரண்டுக்குச் செல்கிறார். பதின்மூன்றில் கேவல ஞானம், அதாவது எல்லாம் அறியும் முழு அறிவு. மன அமைதி கிடைத்தது என்பதே ஞானத்துக்கு அடையாளம் ஆகாது என்பதை இதைவிடக் கறாராகச் சொன்ன மரபு எனக்குத் தெரிந்து வேறில்லை. தேரவாதத்தில் முதல் நிலையான சோதாபன்னரோ திரும்பிச் சறுக்குவதில்லை. மிகுந்தால் ஏழு பிறவிகளுக்குள் அவர் முடிவை எட்டிவிடுவார். கிறித்தவத்தில் சிலுவை யோவான் விவரிக்கும் இருண்ட இரவு, சறுக்கல்போலத் தோன்றும் முன்னேற்றம்; செபத்தில் இருந்த இனிமை முழுதும் வற்றிப்போவதை அவர் தூய்மைப்படுத்தலின் பகுதியாகவே எண்ணுகிறார்.

இடங்களுக்குச் செல்லும்போது

மார்த்தாண்டத்திலிருந்து எளிதில் சென்றடையக்கூடிய சிதறால் மலைக்கோயில் முதலில் செல்லத்தக்கது. பழம்பெயர் திருச்சாரணத்துமலை. கல் பாவிய பாதையில் ஏறிப் போனால், பாறை முகப்பில் முக்குடையின் கீழ் அமர்ந்த தீர்த்தங்கரர்களின் வரிசையையும், பாம்பின் படம் கவிந்து நிற்கும் பார்சுவநாதரையும், சிங்கத்தோடும் குழந்தைகளோடும் நிற்கும் அம்பிகா இயக்கியையும் காணலாம். பின்னாளில் பகவதி கோயிலாகவும் ஆன இடம் அது. ஆய் மன்னர் விக்கிரமாதித்த வரகுணனின் காலத்தை, அதாவது 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இங்குள்ள கல்வெட்டு, குரத்தி எனப்பட்ட சமணப் பெண் துறவி ஒருவரின் கொடையைக் குறிக்கிறது. பெண் பிறவியிலிருந்து நேரே வீடு பெற முடியாது, ஆணாகப் பிறந்துதான் பெற வேண்டும் என்பது திகம்பரர் கொள்கை. சுவேதாம்பரர் அதை மறுக்கின்றனர். தமிழ்நாட்டுச் சமணம் திகம்பர மரபைச் சேர்ந்தது. இருந்தும் கல்வெட்டுகளில் குரத்தியர் மாணாக்கர்களை உடைய ஆசிரியர்களாகவே வருகிறார்கள். கொள்கை நூலை மட்டும் படிப்பவருக்கு இது கண்ணில் படாது. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில் உள்ள தீர்த்தங்கரர் உருவங்களையும் இதே பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

தக்கலையில் பீர்முகமது அப்பாவின் தர்காவுக்குச் செல்பவர்கள், செல்வதற்கு முன் அவருடைய பாடல்களில் சிலவற்றையாவது வாசித்திருக்க வேண்டும். நெசவுத் தொழில் செய்தவர் என்று போற்றப்படும் அவர், ஞானப்புகழ்ச்சி, ஞானமணிமாலை, ஞானரத்தினக் குறவஞ்சி முதலிய நூல்களைத் தமிழில் பாடியவர். ஆண்டுவிழாவில் ஞானப்புகழ்ச்சியை அன்பர்கள் கூடிப் பாடுவது இன்றும் தொடர்கிறது. தர்கா வழிபாட்டை ஏற்காத முஸ்லிம்களும் இந்த மாவட்டத்தில் உண்டு. அவர்களிடமும் கேளுங்கள், ஞானம் பெற்றவர் ஒருவர் நமக்கும் இறைவனுக்கும் இடையில் நிற்கலாமா என்னும் கேள்வி அங்கே கூர்மையாக வெளிப்படும்.

சாமிதோப்புப் பதியில் ஆண்கள் மேலாடை களைந்து, தலைப்பாகை கட்டி, நெற்றியில் நாமமிட்டு உள்ளே செல்ல வேண்டும். ஒழுங்கை முன்பே கேட்டு நடந்துகொள்ளுங்கள். அய்யா வைகுண்டர் (1809–1851) வழியில் கருவறையில் உருவச்சிலை இல்லை, கண்ணாடிதான் இருக்கிறது. முன்னால் விளக்கு எரிகிறது. தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்கள் அதைக் கட்டிக்கொண்டு தம் முகத்தையே எதிரில் காண்கிறார்கள் என்பதோடு, நாராயண குருவும் 1927இல் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார் என்பதைச் சேர்த்துப் படிக்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே கருத்து என்று எழுதிவிட வேண்டாம்: குருவின் நோக்கு அத்வைதம், அய்யாவழியின் நோக்கு வரப்போகும் தர்மயுகம்.

நாராயண குரு தவமிருந்த மருந்துவாழ்மலைக் குகைக்கு ஏறுபவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்கும் கேரளத்துத் துறவி சட்டம்பி சுவாமிகளுக்கும் யோகம் கற்பித்த தைக்காடு அய்யா (1814–1909) தமிழர். திருவனந்தபுரம் ரெசிடென்சியில் (பிரிட்டிஷ் பிரதிநிதியின் அலுவலகம்) சூப்பிரண்டாக வேலை பார்த்துக்கொண்டே, குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டே கற்பித்தவர். துறவியருக்கு மட்டும்தான் ஞானம் கைகூடுமா என்னும் கேள்விக்கு நூல்களில் தேடுவதைவிட இந்த வரலாற்றில் தேடலாம். நாராயண குரு நம் தமிழ் ஞான நூலான ஒழிவிலொடுக்கத்தை மலையாளத்தில் பெயர்த்தவர், தமிழிலும் பாடியவர். மலையாளம் படிக்கத் தெரிந்த எல்லைப்புற வாசகர்கள் அவருடைய ஆத்மோபதேச சதகத்தை மூலத்திலேயே படிக்கலாம். தமிழும் வடமொழியும் கலந்து வரும் அந்த நூறு செய்யுள்கள் நம் செவிக்கு அவ்வளவு அந்நியமாக இருக்கமாட்டா.

கன்னியாகுமரிப் பாறையைப் பற்றி ஒரு திருத்தம். 1892 டிசம்பரில் விவேகானந்தர் அங்கே ஞானம் பெற்றார் என்று வழிகாட்டிகள் சொல்வது வழக்கம். 1894இல் தம் குருபாயிக்கு (ஒரே குருவின் சீடருக்கு) எழுதிய கடிதத்தில் அவர் குமரிமுனைப் பாறையில் அமர்ந்திருந்தபோது ஒரு திட்டம் தோன்றியதாகத்தான் எழுதுகிறார்: ஊர் ஊராகச் சென்று ஏழைகளுக்குக் கல்வி புகட்டும் துறவிகள் வேண்டும் என்னும் திட்டம். தியானத்தின் முடிவில் கிடைத்ததை அவரே எப்படிப் பெயரிட்டார் என்பதைத்தான் நோட்டில் எழுத வேண்டும்.

பிறர் எப்படி அறிவர்?

நான்காம் கேள்வி நூலோடு முடிவதில்லை, இன்று நம்மிடையே ஞானி என்று சொல்லிக்கொள்பவர்களுக்கும் அது பொருந்தும். பௌத்தத் துறவியருக்கான ஒழுக்க விதிகளாகிய விநயத்தில், அடையாத உயர்நிலையை அடைந்ததாகத் தெரிந்தே பொய் சொல்லும் துறவி சங்கத்திலிருந்தே நீங்க வேண்டும். கொலைக்கும் களவுக்கும் உரிய அதே வரிசையில் அது வைக்கப்பட்டிருக்கிறது. ஜென் மரபில் மாணவரின் தெளிவை ஆசிரியர் சோதித்துச் சான்று தருகிறார். அவிலா தெரேசா காட்சிகளையும் குரல்களையும் பெரிதாக எண்ணாமல், அயலாரிடம் அன்பு வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். கத்தோலிக்கத் திருச்சபை ஒருவரைப் புனிதர் என அறிவிக்கும்போது அவருக்கு ஞானநிலை வாய்த்ததா என்று ஆராய்வதே இல்லை. நட்டாலத்தில் பிறந்து, 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட தேவசகாயம் பிள்ளை 2022 மே 15 அன்று புனிதரானது மறைசாட்சி என்னும் தகுதியால். தியான அனுபவத்தால் அன்று. ஆகவே அவரைச் சித்தரோடோ, விடுதலை எட்டிய பௌத்த அரகந்தரோடோ ஒரே வரிசையில் வைத்து ஒப்பிடும் கட்டுரைகள் தொடங்கும் இடத்திலேயே பிழைபடுகின்றன.

மரபு தரும் சோதனைகளுக்கு உட்பட மறுப்பவர், கேள்வி கேட்பவரை விரட்டுபவர், ஞானத்துக்குக் கட்டணப்படி வைத்திருப்பவர் எவராயினும் அவரிடமிருந்து விலகிக்கொள்ளுங்கள். படிப்போடு பயிற்சியும் செய்ய விரும்புவோர் மூச்சடக்கும் பயிற்சியையும் நீண்ட உண்ணாநோன்பையும் தூக்கத்தைக் குறைப்பதையும் நூலைப் பார்த்துத் தாமாகச் செய்யக் கூடாது. மன அழுத்தத்துக்கோ வலிப்புக்கோ மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்டபின்பே எதையும் தொடங்க வேண்டும். பயிற்சியின்போது பயமோ குரல் கேட்பதோ தூக்கமின்மையோ தொடர்ந்தால் அது ஞானத்தின் அறிகுறியா என்று ஆராய்ந்துகொண்டிராமல் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

கூடிப் படிப்பது

நாலைந்து பேர் சேர்ந்து மாதம் ஒரு முறை கூடினால் இப்படிப்பு விரைவாக நகரும். சமயம் ஒன்றே ஆனவர்கள் மட்டும் கூடினால் நகராது. 1924இல் நாராயண குரு ஆலுவாவில் கூட்டிய சர்வமத மாநாட்டின் வாயிலில், வாதிடவும் வெல்லவும் அன்று, அறியவும் அறிவிக்கவுமே என்று எழுதிவைத்தார்கள். அதையே கூட்டத்தின் விதியாக வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதத்துக்கு ஒரு சமயம், ஒரு சமயத்துக்கு ஒரு கேள்வி போதும். அந்தச் சமயத்தவர் முதலில் பேசக் கூடாது. படித்த மற்றவர் ஒருவர் தம் நோட்டின் பக்கத்தை உரக்க வாசிக்க வேண்டும், அந்தச் சமயத்தவர் பென்சிலை வைத்துக்கொண்டு, இதை நாங்கள் சொல்வதில்லை என்று படும் வரிகளை அடிக்க வேண்டும். அடித்த வரிக்குப் பதிலாக அவர் சொல்வதை அவர் வாய்மொழியிலேயே ஓரத்தில் எழுதி, பெயரையும் தேதியையும் இடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதே சமயத்தைச் சேர்ந்த வேறொருவரை அழைத்து அதே பக்கத்தைக் காட்டுங்கள். ஓரத்தில் எழுதிய வரியையும் அவர் அடிக்கக்கூடும், அப்போது இரண்டையும் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.